பயாஸ் பேட்டரி மாற்றியதிலிருந்து நீலத் திரை, விண்டோஸ் பூட் ஆகவில்லை

கேள்வி
டெஸ்க்டாப், விண்டோஸ் 10, ஒரே ஒரு சாட்டா எஸ்எஸ்டி. கடிகாரம் பின்தங்கிக்கொண்டே வந்ததால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றினேன். இப்போது விண்டோஸ் லோகோ வருகிறது, வட்டம் சில நொடி சுற்றுகிறது, உடனே 'இன்அக்ஸெசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை. ஸ்டார்ட்அப் ரிப்பேர் இரண்டு முறை ஓட்டியும் பலனில்லை. பயாஸில் எஸ்எஸ்டி பெயர் தெரிகிறது. ஃபார்மட் செய்வதுதான் வழியா?

பதில் 1
ஃபார்மட் வேண்டவே வேண்டாம். உங்கள் விண்டோஸ் பெரும்பாலும் அப்படியே நன்றாக இருக்கிறது. பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) அமைப்புகள் டீஃபால்ட்டுக்குத் திரும்பியிருக்கும், அதில் சாட்டா மோடும், அதாவது டிஸ்க்கோடு மதர்போர்டு எந்த முறையில் பேசுவது என்ற அமைப்பும் மாறியிருக்கும்.

லோகோ வரைக்கும் எப்படி வருகிறது என்றால், அதுவரை டிஸ்க்கைப் படித்துக் கொடுப்பது பயாஸ். அதற்கப்புறம் விண்டோஸ் தன் சொந்த டிரைவரால் படிக்க வேண்டும். இன்ஸ்டால் செய்தபோது இருந்த மோடுக்கான டிரைவரைத்தான் அது பூட் நேரத்தில் ஏற்றும். மோடு மாறிவிட்டால் டிஸ்க் அதன் கண்ணில் படாது. ஸ்டார்ட்அப் ரிப்பேரால் பயாஸ் அமைப்பைத் தொட முடியாது, அதனால்தான் பலனில்லை.

ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். 'சாட்டா மோட்' என்பது அட்வான்ஸ்டு அல்லது ஸ்டோரேஜ் பகுதியில் இருக்கும். இப்போது என்ன இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஏஎச்சிஐ (டிஸ்க்கைத் தனித்தனியாகக் கையாளும் சாதாரண முறை) என்று இருந்தால் ரெய்டுக்கு (பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டவும் உதவும் முறை) மாற்றுங்கள், ரெய்டு என்று இருந்தால் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். எஃப்10 கொடுத்து சேவ் செய்யுங்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் 'விஎம்டி' என்ற அமைப்பையும் (டிஸ்க்கை இன்டெல் டிரைவர் வழியாகக் கையாள வைப்பது) பாருங்கள், அதுவும் மாறியிருக்கலாம்.

பதில் 2
மேலே சொன்னது சரி. ஆனால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் குறியாக்கம்) போட்டிருந்தால் பயாஸில் கை வைத்ததும் 48 இலக்க ரிகவரி கீ கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று போனிலேயே பார்த்து எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

லோகோவே வராமல் 'நோ பூட் டிவைஸ்' என்று நின்றால் அது வேறு கோளாறு: பூட் முறை (பழையது சிஎஸ்எம், புதியது யூஇஎஃப்ஐ) மாறியிருக்கும், அல்லது பூட் வரிசை மாறியிருக்கும். உங்களுக்கு லோகோ வருவதால் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. பயாஸில் தேதி, நேரத்தை மட்டும் சரிசெய்துவிடுங்கள். தேதி தவறாக இருந்தால் பிரௌசரில் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை காட்டும்.

கேள்வி கேட்டவர்
ஏஎச்சிஐ என்று இருந்தது. ரெய்டுக்கு மாற்றியதும் பூட் ஆகிவிட்டது, ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மிக்க நன்றி! அடுத்த முறை பேட்டரி மாற்றும்போதும் இதே தொல்லை வருமே, நிரந்தரமாக ஏஎச்சிஐக்குப் போக முடியுமா?

பதில் 1
முடியும். ரெய்டில் இருக்கும்போதே எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸ் பூட் அமைப்புகளை மாற்றும் கருவி) திறந்து, 'பூட்' டேபில் 'சேஃப் பூட்', 'மினிமல்' தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸுக்குள் போக விடாமல் நேராக பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ வையுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் புது டிரைவரை எடுத்துக்கொள்ளும். உள்ளே வந்ததும் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் நம்பர் சில நேரம் வேலை செய்யாது, கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும். பிட்லாக்கர் இருந்தால் முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள்.

இது ஒற்றை டிஸ்க் உள்ளவர்களுக்கு மட்டும். இரண்டு டிஸ்க்கை உண்மையிலேயே ரெய்டாகக் கட்டியிருப்பவர்கள் இந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது.