ஆங்கில இலக்கியம்: மேற்கோள் மனதில் நிற்கவே இல்லை, அவசர உதவி

ஹாரோ அம்மா:
மகளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் பரீட்சை. டீச்சர் கொடுத்த தாளில் 84 மேற்கோள். இரவு ஒப்பிக்கிறாள், காலையில் பாதியைக் காணவில்லை. நேற்று அழுதேவிட்டாள். என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

பழைய மாணவன்:
எந்தப் பரீட்சை அக்கா? இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இயா, பதினெட்டில் எழுதும் ஏ லெவலா? எந்தத் தேர்வு போர்டு, எந்த நூல்? ஏ லெவலில் சில தாளுக்குப் புத்தகத்தை உள்ளேயே கொண்டுபோகலாம்.

மதுரைக்காரன்:
எதுவானால் என்ன, பத்து முறை எழுதச் சொல்லுங்கள். நாங்கள் 'அடிபிறழாமல் எழுதுக' கேள்விக்கு அப்படித்தான் படித்தோம். இன்றைக்கு நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நிழல்வாசி:
எழுதி எழுதிக் கைதான் வலிக்கும். சின்ன அட்டையில் ஒரு பக்கம் யார், எந்தக் காட்சி, மறுபக்கம் வரி. மூடிவைத்து யோசித்துச் சொல்ல வேண்டும். தப்பியது நாளைக்கு, சரியாக வந்தது நான்கு நாள் கழித்து.

ஆசான் 60:
இதே கேள்வி வருடா வருடம் வருகிறது. பழைய இழைகளைப் புரட்டிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. நூலின் பெயரையே சொல்லாமல் வைத்தியம் கேட்டால் எப்படி?

ஹாரோ அம்மா:
மன்னிக்கவும். ஜிசிஎஸ்இ, ஏக்யூஏ போர்டு. ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகம். புத்தகம் கொண்டுபோகக் கூடாது.

வள்ளி டீச்சர்:
அப்படியானால் பாதிப் பயம் வேண்டாம். ஷேக்ஸ்பியர் கேள்வியில் நாடகத்தின் ஒரு பகுதியைத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதிலிருந்து எடுத்தாலும் மேற்கோள்தான். மனப்பாடம் உதவுவது நாடகத்தின் மற்ற இடங்களுக்கு. அங்கும் வரி மறந்தால் சம்பவத்தைத் துல்லியமாகச் சொன்னால் அதுவும் ஆதாரம்தான். பதிலுக்கு 30 மார்க், எழுத்துப்பிழை, நிறுத்தக்குறிக்குத் தனியாக 4. வரியை ஒப்பித்ததற்கென்று மார்க் கிடையாது, அதை வைத்து என்ன சொல்கிறாள் என்பதற்குத்தான்.

ஓர் உதாரணம்: 'எ லிட்டில் வாட்டர் கிளியர்ஸ் அஸ் ஆஃப் திஸ் டீட்', கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தச் செயல் நம்மைவிட்டுக் கழுவிப்போகும் என்று பொருள். மெக்பெத் அரசனைக் கொன்ற இரவில் அவன் மனைவி லேடி மெக்பெத் சொல்வது. அதே காட்சியில் அவள் கணவனுக்குக் கை ரத்தத்தைக் கழுவக் கடல் முழுவதும் போதவில்லை. ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்துகொண்டு அவளே கையைத் தேய்க்கிறாள். குற்ற உணர்வு, ரத்தம், கணவன் மனைவி, அவள் மாறும் விதம் என்று எதைக் கேட்டாலும் இந்த வரி வந்து நிற்கும். அதுவும் முழுதாக வேண்டாம், 'லிட்டில்' என்ற சொல்லை மட்டும் தன் வாக்கியத்துக்குள் செருகி, அந்த அலட்சியத்தைப் பற்றி நாலு வரி எழுதட்டும். 84இல் இப்படிப் பல வேலை செய்கிற ஒரு டஜன் போதும்.

மதுரைக்காரன்:
டஜனா! 1330 குறளையும் ஒப்பிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பழைய மாணவன்:
குறளை எதுகை இழுத்துக்கொண்டு வரும் அண்ணே. மெக்பெத்தில் பெரும்பாலும் எதுகையே கிடையாது.

ஆசான் 60:
நீங்கள் சொல்லவருவது இயைபு. அடியின் இறுதியில் ஒலி ஒன்றினால் இயைபு, எதுகை இரண்டாம் எழுத்து. மெக்பெத்தில் வரும் சூனியக்காரிகள் பேச்சில் இயைபு உண்டு.

நிழல்வாசி:
அந்தாதியே உண்டு ஐயா. முதல் காட்சியில் அவர்கள் 'ஃபேர் இஸ் ஃபவுல்', நல்லதே கெட்டது, என்கிறார்கள். மெக்பெத் வந்து பேசும் முதல் வரியே 'ஸோ ஃபவுல் அண்ட் ஃபேர் எ டே', இவ்வளவு கெட்டதும் நல்லதுமான நாள்.

ஆசான் 60:
ஒரு பாட்டு முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கினால்தான் அந்தாதி. அபிராமி அந்தாதியை எடுத்துப் பாருங்கள். இது வெறும் எதிரொலி.

மதுரைக்காரன்:
மெக்பெத்தை விட்டுவிட்டு யாப்பிலக்கண வகுப்பு எடுக்கிறீர்களே!

வள்ளி டீச்சர்:
அந்தாதியோ எதிரொலியோ, அதைத் தாளில் எழுதினால் நல்லது. சூனியக்காரிகளைப் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் சொல் மெக்பெத் வாயில் வருகிறதே. அக்கா, இரண்டாம் தாளுக்குக் கவிதைகளும் இருக்குமே, எந்தத் தொகுப்பு?

ஹாரோ அம்மா (ஒன்பது நாள் கழித்து):
84ஐ 14 ஆக்கிவிட்டாள். எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் சின்னவன் 'எ லிட்டில் வாட்டர்' என்று கத்துகிறான். அழுகை இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி.

ஆசான் 60:
எந்தத் தொகுப்பு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.