வீட்டு வாசல்ல பாம்பு – முடிச்சூர் பக்கம் எங்களுக்கு நடந்தது, உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சது, அம்மா முழுசா எழுந்து நடமாட ஆரம்பிச்சப்புறம்தான் எழுத மனசு வந்துச்சு.

நாங்க முடிச்சூர் பக்கம் ஒரு லேஅவுட்ல இருக்கோம். 2012ல வீடு கட்டி வந்தப்ப எங்க தெருவுல மொத்தமே நாலு வீடு, மீதி எல்லாம் காலி மனை. அதுக்கு முன்னாடி அது பூராவும் நெல்லு வயல், கூப்பிடு தூரத்துல அடையாறு. 2015 டிசம்பர்ல தண்ணி வந்தப்ப முதல் மாடி வரைக்கும் ஏறுனவங்க நாங்க, அப்பவே மாடிப்படியில தண்ணிப்பாம்பு, சாரை எல்லாம் நம்ம கூடவே ஒதுங்கி நின்னுச்சு. வெள்ளம் வந்தா அதுங்களும் எங்க போகும்னு விட்டுட்டோம். ஆனா வெள்ளம் இல்லாத நாள்ல, நல்லா காஞ்சு கெடக்குற தை மாசத்துல, வீட்டு வாசல்லயே இப்படி ஆகும்னு நெனைக்கல.

போன பொங்கல் முடிஞ்ச வாரம். சாயந்தரம் ஏழு மணி இருக்கும், டேங்க்ல தண்ணி இல்லன்னு அம்மா மோட்டர் போடப் போனாங்க. எங்க வீட்டுல மோட்டர் ஸ்விட்ச் வெளியில சம்ப் பக்கத்துல இருக்கு, அங்க லைட்டு ஃபியூஸ் போயி ஒரு வாரம் ஆச்சு, மாத்தணும் மாத்தணும்னு நான்தான் தள்ளிப் போட்டேன். சம்ப் மூடிக்குப் பக்கத்துல காஞ்ச தென்னமட்டை கெடந்துச்சு. அம்மா சொன்னாங்க, குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி ஆவி சீறுமே அந்த மாதிரி சத்தம் கேட்டுச்சாம், பக்கத்து வீட்டு குக்கர்னு நெனச்சு காலை எடுத்து வெச்சுட்டாங்க. பாதத்துக்கு மேல, கணுக்காலுக்குக் கீழ ரெண்டு புள்ளி. நான் டார்ச் அடிச்சுப் பாத்தப்ப அது இன்னும் அங்கேயே சுருண்டு கெடந்துச்சு, முதுகுல சங்கிலி கோத்த மாதிரி பழுப்பு வட்டம் வட்டமா. கண்ணாடி விரியன்.

பத்து நிமிஷத்துல தெருவே கூடிருச்சு. ஒருத்தர் தாம்புக்கயிறு எடுத்துட்டு வந்து முழங்காலுக்குக் கீழ இறுக்கிக் கட்டுனாரு, இன்னொருத்தர் பிளேடு கேட்டாரு. நல்ல எண்ணத்துலதான் செஞ்சாங்க, அவங்க மேல எனக்குக் கோவமே இல்ல. ஆனா விரியன் கடிக்கு இறுக்கிக் கட்டுறதும் கீறி விடுறதும் ரொம்பத் தப்புன்னு அப்புறம் டாக்டர் சொன்னப்ப எனக்கு உடம்பே நடுங்கிருச்சு. கட்டுன எடத்துல ரத்த ஓட்டம் நின்னு சதை அழுகிடுமாம், கீறி விட்டா அந்த விஷத்தால ரத்தம் உறையாது, ஒழுகிட்டே இருக்குமாம். நல்லவேளை பிளேடு கிடைக்கல.

அடுத்த தப்பு நான் செஞ்சது. பக்கத்துல இருக்குன்னு ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டிடி ஊசி போட்டாங்க, டிரிப்ஸ் ஏத்துனாங்க, பெரிய டாக்டர் வர்றாருன்னு உக்கார வெச்சாங்க, நாப்பது நிமிஷம் கழிச்சு எங்ககிட்ட விஷமுறிவு மருந்து ஸ்டாக் இல்ல, ஜிஎச் போங்கன்னாங்க. அதை வாசல்லயே சொல்லியிருந்தா என்ன? அந்த நாப்பது நிமிஷத்துல கால் முட்டி வரைக்கும் வீங்கி, ஈறுல லேசா ரத்தம் கசிய ஆரம்பிச்சுருச்சு.

108ல ஜிஎச் போய்ச் சேர்ந்தோம். அங்க செஞ்சது நான் வாழ்க்கையில மறக்க மாட்டேன். டூட்டி டாக்டர் சின்னப் பொண்ணு, எங்க தங்கச்சி வயசுதான் இருக்கும். அம்மா கையில கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடி டியூப்ல விட்டு ஸ்டாண்டுல நிக்க வெச்சாங்க, யாரும் தொடாதீங்க 20 நிமிஷம்னாங்க. நான் அந்த டியூபையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். 20 நிமிஷம் கழிச்சு மெதுவா சாய்ச்சாங்க, நல்ல ரத்தம்னா உறைஞ்சு கட்டியா நிக்கணும், எங்க அம்மா ரத்தம் தண்ணி மாதிரி ஓடுச்சு. பத்து குப்பி விஷமுறிவு மருந்து ஏத்துனாங்க, ஆறு மணி நேரம் கழிச்சு திரும்ப அதே டெஸ்ட், அப்பவும் உறையல, மறுபடி மருந்து. ராத்திரி பூரா எவ்வளவு யூரின் போகுதுன்னு அளந்துகிட்டே இருந்தாங்க, ஏன்னா இந்த விஷம் கிட்னியைத்தான் பிடிக்குமாம். ஒன்பது நாள் இருந்தோம். மருந்துக்கு ஒரு ரூபா வாங்கல.

இங்க இருக்குறவங்க யாருக்காவது பாம்பு அனுபவம் இருந்தா எழுதுங்க. படிச்சுட்டு ஒருத்தராவது நேரா ஜிஎச் போனா போதும்.

*

கூடுவாஞ்சேரிலேர்ந்து எழுதறேன். உங்க அம்மா நல்லா ஆனது ரொம்ப சந்தோசம்மா. எங்க தெருவுல நடந்தது அப்படி முடியல.

எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு வீடு கட்டிட்டு இருந்தாங்க. வாட்ச்மேன் குடும்பம் அந்த கட்டடத்துலயே தங்கியிருந்தாங்க, கதவு ஜன்னல் எதுவும் மாட்டல, சிமெண்ட் தரையில கோணிய விரிச்சு அதுமேல போர்வை. பன்னெண்டு வயசுப் பையன், எங்க பொண்ணு கூட சைக்கிள் ஓட்டுவான். ஒருநாள் விடியக்காலம் நாலு மணிக்கு வயித்து வலின்னு எழுந்திருக்கான், நைட்டு பரோட்டா சாப்பிட்டான் அதுதான்னு சோடா வாங்கிக் குடுத்திருக்காங்க. ஆறு மணிக்கு அவங்க அம்மா ஓடி வந்து கதவத் தட்டுனாங்க, பையன் கண்ணத் தொறக்க மாட்டேங்குறான்னு. போய்ப் பாத்தா முழிச்சுதான் இருக்கான், ஆனா இமை ரெண்டும் தொங்குது, பேச்சு கொழறுது, எச்சி முழுங்க முடியல. உடம்புல காயம் எதுவும் தெரியல, வீக்கம் இல்ல, வலி இல்லங்குறான். பாம்புன்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல. கார்ல போட்டு கூட்டிட்டுப் போறப்ப பாதி வழியில மூச்சு திணற ஆரம்பிச்சுருச்சு. வென்டிலேட்டர்ல மூணு நாள். அப்புறம் இல்ல.

கட்டு விரியன்னு டாக்டர் சொன்னாரு. ராத்திரியிலதான் வரும், தரையில படுத்திருக்குறவங்களத்தான் கடிக்கும், எறும்பு கடிச்ச மாதிரி கூட தெரியாதாம். போர்வைய உதறுனப்ப பாம்பு அதுலேர்ந்துதான் விழுந்துச்சுன்னு அப்புறம் அவங்க அப்பா சொன்னாரு.

அதுக்கப்புறம் நான் ஒண்ணு பண்றேன். எங்க ஏரியாவுல எந்த கட்டடத்துல வாட்ச்மேன் குடும்பம் வந்தாலும் ஒரு கொசுவலையும் ஒரு கயித்துக் கட்டிலும் வாங்கிக் குடுத்துடறேன். கட்டில் இல்லாட்டியும் பரவால்ல, கொசுவலைய பாய்க்கு அடியில நல்லா சொருகிட்டா கட்டு விரியன் உள்ள வர முடியாது. வீடு கட்டுறவங்க படிக்கிறீங்கன்னா தயவுசெஞ்சு இதை உங்க எஸ்டிமேட்லயே சேத்துக்கோங்க, ஒரு மூட்டை சிமெண்ட் காசு கூட வராது கொசுவலை.

*

எங்களுது சித்தாலப்பாக்கம், அபார்ட்மெண்ட். பெரிய கதை இல்ல, சின்னதா சொல்றேன்.

மூணாவது மாடி பாத்ரூம்ல ஒரு பாம்பு. கருப்புல வெள்ள வெள்ளயா பட்டை. எல்லாரும் கட்டு விரியன்னு கத்துறாங்க, செக்யூரிட்டி கட்டையோட வந்துட்டாரு. எங்க மாமனார் ரிட்டயர்ட் பயாலஜி வாத்தியார், அவரு தூரத்துலேர்ந்தே ஃபோட்டோ எடுத்துப் பாத்துட்டு அடிக்காதீங்க, இது வெள்ளிக்கோல் வரையன், விஷம் கெடையாது, பல்லி புடிக்க பைப் வழியா ஏறி வந்திருக்குன்னாரு. வரையனுக்கு பட்டை கழுத்துக்கிட்ட அகலமா ஆரம்பிச்சு வாலுக்குப் போகப் போக மங்கும், கட்டு விரியனுக்கு தலைப்பக்கம் மங்கலா இருந்து வால் பக்கம் பளிச்சுனு தெரியுமாம். ஆனா இத படிச்சுட்டு யாரும் கிட்டப்போய் சோதிச்சுப் பாக்காதீங்க, அவரே சந்தேகம்னா விஷப்பாம்புன்னே வெச்சுக்கணும்னுதான் சொல்வாரு. கதவ சாத்தி, கதவு சந்துல ஈரத்துணி அடைச்சு, வனத்துறைக்கு ஃபோன் போட்டோம். ஒன்றரை மணி நேரத்துல வந்து எடுத்துட்டுப் போனாங்க.

முன்னாடி எங்க காம்பவுண்டுல மாசத்துக்கு ஒரு சாரைய அடிச்சுக் கொன்னுட்டு இருந்தாங்க. சாரைக்கு விஷமே கெடையாது, அது தின்றது பூரா எலி. அதைக் கொன்ன வருஷம்தான் பேஸ்மெண்ட்ல எலி பெருகி ரெண்டு கார் வயர கடிச்சுச்சு. 1972 வனவிலங்கு சட்டப்படி பாம்ப அடிச்சா கேஸ் ஆகும்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டுனதுக்கப்புறம் நின்னுச்சு.

*

நான் நர்ஸ், இருபது வருஷ சர்வீஸ். எங்க வார்டுல நான் தினமும் சொல்றத இங்கயும் சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கடிச்ச உடனே மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாத்தையும் கழட்டிடுங்க, வீங்குனப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். கடிபட்ட கையோ காலோ ஆடாம வெச்சு, நடக்க விடாம தூக்கிட்டு வாங்க. எத்தனை மணிக்கு கடிச்சுதுன்னு பாத்து வெச்சுக்கோங்க. பாம்ப அடிச்சு பையில போட்டு எடுத்துட்டு வராதீங்க, செத்த பாம்பு தலை கூட கடிக்கும், அடிக்கப் போய் ரெண்டாவது ஆள் கடிபட்டு வந்த கேஸ் நானே பாத்திருக்கேன். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கும் ஒரே மருந்துதான், பாம்பு எதுன்னு தெரியலன்னாலும் அறிகுறிய வெச்சு நாங்க ஆரம்பிச்சுடுவோம்.

இந்தியாவுல 2000லேர்ந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியால 12 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு ஆராய்ச்சி கணக்கு இருக்கு, வருஷத்துக்கு சராசரி 58,000. நம்ம தமிழ்நாட்டுல 2024 நவம்பர்லேர்ந்து பாம்புக்கடிய அரசுக்கு கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சிருக்காங்க, தனியாரும் கணக்கு குடுக்கணும். கணக்கு சரியா வந்தாதான் எந்த ஊருக்கு எவ்வளவு மருந்துன்னு சரியா அனுப்ப முடியும். அதனால மந்திரிச்சுட்டு வீட்டுலயே வெச்சுக்காதீங்க, கடிச்சும் விஷம் ஏறாம இருந்தா கூட ஒரு நாள் வந்து படுத்துட்டுப் போங்க.

*

முடிச்சூர்லேர்ந்து மறுபடியும் நான். கூடுவாஞ்சேரி அண்ணா, அந்தப் பையனப் பத்திப் படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரல. எங்க தெரு கோடியில கட்டிட்டு இருக்குற ரெண்டு வீட்டுக்கும் நேத்தே கொசுவலை வாங்கிக் குடுத்துட்டோம்.

அம்மா வீட்டுக்கு வந்தப்புறம் என்ன பண்ணோம்னு சிலர் கேட்டிருந்தீங்க. வனத்துறைக்குச் சொன்னப்ப அவங்க கூட பாம்பு புடிக்குறதுல கைதேர்ந்த இருளர் பழங்குடி அண்ணன் ஒருத்தரும் வந்தாரு. வீட்டுக்குள்ள வரவே இல்ல, நேரா பக்கத்து காலி மனைக்குப் போய் குனிஞ்சு மண்ணப் பாத்தாரு. எங்களுக்கு வெறும் புழுதியா தெரிஞ்ச எடத்துல அவரு விரல வெச்சு ஒரு கோடு காமிச்சாரு, இப்படிப் போயிருக்கு, நேத்து ராத்திரி, தடம் இன்னும் கலையலன்னாரு. சீமக்கருவேலம் புதருக்கு அடியில நாலஞ்சு ஓட்டை. பாம்பு வளை இவ்வளவா அண்ணான்னு கேட்டேன். பாம்புக்கு வளை வெட்டத் தெரியாதுமா, இது எல்லாம் எலி வெட்டுனது, நீங்க போடுற சோத்துக்கு எலி வருது, எலிக்கு அது வருதுன்னாரு. அங்க பாத்தா எங்க தெருக்காரங்க போட்ட பழைய சோறு, கறிக்கடைக் கழிவு, வீடு இடிச்ச கல்லு மண்ணு எல்லாம் அந்த மனையிலதான். நாங்களும் போட்டிருக்கோம்.

2023ல பத்மஸ்ரீ வாங்குன மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரும் இவரு மாதிரி நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள்தான். மலைப்பாம்பு புடிக்க அமெரிக்காவுல ஃபுளோரிடா வரைக்கும் போயிட்டு வந்தவங்க. எங்க அம்மாவுக்கு ஏத்துன மருந்து செய்யறதுக்கு பாம்புலேர்ந்து விஷம் எடுத்துக் குடுக்குறதும் வடநெம்மேலியில இருக்குற இருளர் கூட்டுறவு சங்கம்தான், 1978லேர்ந்து இருக்கு. இத்தனை வருஷம் ஈசிஆர்ல அந்தப் பக்கம் போயிருக்கோம், வண்டிய நிறுத்தி ஒரு தடவ கூட பாத்ததில்ல. அந்த அண்ணன் கையப் புடிச்சு அம்மா அழுதாங்க.

அந்த மனை ஓனர் யாருன்னு யாருக்கும் தெரியாது, முதலீடுக்கு வாங்கிப் போட்டுட்டுப் போனவரு. பதிவுத்துறை வெப்சைட்ல சர்வே நம்பர் போட்டு வில்லங்கம் பாத்தோம், பேர் கிடைச்சுது. அந்தப் பேர வெச்சு லேஅவுட் போட்ட புரோக்கர் கிட்ட கேட்டு நம்பர் வாங்கிப் பேசுனோம். வெளிநாட்டுல இருக்காரு. சண்டை போடல, அம்மா கால் ஃபோட்டோவ அனுப்பி நடந்ததச் சொன்னோம். அன்னைக்கு சாயந்தரமே ஜேசிபிக்கு பணம் அனுப்புனாரு, சுத்தி முள்ளுக்கம்பி போட்டுக்கச் சொன்னாரு.

ஜேசிபி வர்றதுக்கு முன்னாடி வனத்துறைக்காரங்கள வரச் சொல்லி அந்த மனையில இருந்த விரியனையும் புடிச்சுக் கொண்டு போகச் சொன்னோம். சாரை ஒண்ணு இருந்துச்சு, அது இருக்கட்டும்னு அந்த அண்ணன் சொன்னாரு, விட்டுட்டோம்.

இப்ப மோட்டர் ஸ்விட்ச வீட்டுக்குள்ள மாத்தியாச்சு. ஆனாலும் அம்மா சாயந்தரம் துளசிக்கு விளக்கு வெக்கப் போறப்ப கையில டார்ச், இன்னொரு கையில அப்பாவோட பழைய கைத்தடி. ஒவ்வொரு படிக்கும் ரெண்டு தட்டு தட்டி, கொஞ்சம் நின்னு, அப்புறம்தான் கால் வெக்கிறாங்க. அந்த சத்தம் கேட்டா பக்கத்து வீட்டுக் கொழந்தைங்களும் ஓடி வந்து கூடவே தட்டுதுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு மூணாவது தெரு காலி மனைய சுத்தம் பண்றோம். பக்கத்துல இருக்குறவங்க பூட்ஸ் இருந்தா போட்டுட்டு வாங்க, செருப்போட வராதீங்க. மம்பட்டி எங்ககிட்ட நாலு இருக்கு.