பதினெட்டு நிறையும் கால்பந்து ஆட்டக்காரனுக்கு எந்த நாட்டு லீக்?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
என் அக்கா மகனுக்கு வரும் தையில் 18 வயது நிறைகிறது. மைதானத்தின் இடது ஓரத்திலிருந்து அவன் தூக்கிப் போடும் பந்து, ஓடி வருபவனின் நெற்றிக்கே போய்ச் சேரும். வெளிநாட்டில் எந்த லீக் அவனை வளர்க்கும் என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் (கடலூர்):
ஐயா, 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு மாறுவதை, சில விலக்குகள் தவிர, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அனுமதிப்பதில்லை என்பதால் காலம் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. லீக்கின் புகழைவிட, களத்தில் கிடைக்கும் நிமிடங்களையே பாருங்கள். போர்ச்சுகலில் பென்ஃபிகா, போர்ட்டோ ஆகிய கழகங்களின் 'பி' அணிகள், அதாவது இளையோரை வளர்க்கும் இரண்டாம் அணிகள், இரண்டாம் பிரிவில் முதிர்ந்த ஆட்டக்காரர்களோடு மோதுகின்றன. நெதர்லாந்தில் அயாக்ஸ் கழகத்தின் இளையோர் அணியான யோங் அயாக்ஸும் அப்படியே. ஆனால் அங்கே ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவருக்குத் தரவேண்டிய குறைந்தபட்ச ஊதியம் மிக அதிகம் என்பதால், புதுமுகத்தை எடுக்கக் கழகங்கள் தயங்கும்.

பதில் (லாஸ்பேட்டை):
நான் நார்வேயைச் சொல்வேன். இந்தியக் கோல் காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து 2014இல் ஸ்டாபெக் கழகத்துக்குச் சென்று, பொறுமையாகக் காத்திருந்து, 2016இல் ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் ஆடினார். பையனுக்கு, நம் ஊரில் பலருக்கு இருப்பதுபோல், பிரெஞ்சுக் குடியுரிமை உண்டா? இருந்தால் நெதர்லாந்தின் அந்த ஊதிய விதி குறுக்கே நிற்காது; ஆனால் இந்திய அணிக்கு ஆட முடியாது.

கேட்டவர்:
அவனிடம் இந்தியக் கடவுச்சீட்டுதான் உள்ளது, இந்தியாவுக்கு ஆடுவதே அவன் ஆசையும். போர்ச்சுகல், நார்வே இரண்டையும் விசாரிக்கிறேன். மிக்க நன்றி.