ரோஷாஸ் ‘ஃபாம்’ பழைய பாட்டில் கிடைச்சிருக்கு: இந்தப் பழ வாசனைல அப்படி என்ன இருக்கு?

நித்யா_பாண்டின்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஏரியா பழைய சாமான் சந்தைல ஒரு பிரெஞ்சுப் பாட்டிகிட்ட ரோஷாஸ் கம்பெனியோட ‘ஃபாம்’ செண்ட் பாட்டில் ஒண்ணு வாங்கினேன். சின்ன பாட்டில். ஸ்ப்ரே கிடையாது, கண்ணாடி மூடியை எடுத்து அதோட நுனியாலயே தொட்டு வெச்சுக்கணும். பாதிக்கு மேல இருக்கு, நல்ல பழுப்பு நிறம். டப்பா மேல கறுப்பு லேஸ் டிசைன்.

கையில வெச்சதும் நெயில் பாலிஷ் நெடி குப்புனு அடிச்சுது. சரி, காசு போச்சுனு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல அது அடங்கி, ரொம்பப் பழுத்த ஏதோ ஒரு பழ வாசனை வந்துது. இனிப்பு இருக்கு, ஆனா மிட்டாய் இனிப்பு இல்லை. சாயங்காலம் துப்பட்டாவை மடிக்கறப்பவும் இருந்துது. எங்கிட்ட இருக்கற மத்த ‘ஃப்ரூட்டி’ செண்ட் எல்லாம் மதியத்துக்குள்ள காணாம போயிடும்.

வீட்டுக்காரர் உள்ள வந்ததும், “யாராவது பெரியவங்க வந்திருக்காங்களா?”னு கேட்டார்! இது கெட்டுப்போனதா, இல்ல இப்படித்தான் இருக்குமா? எந்தக் காலத்துது? கடைல இப்ப விக்கறதும் இதுவும் ஒண்ணுதானா? இதுக்கு ஏன் இவ்வளவு பேர் உருகறாங்கனு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சரோஜா_காரைக்கால்:

நித்யா, மொதல்ல அந்த பாட்டிலை டப்பாக்குள்ளயே போட்டு, இருட்டா இருக்கற அலமாரில வைம்மா. ஜன்னல் ஓரம் வேணாம், பாத்ரூம் வேணவே வேணாம். வெளிச்சமும் சூடும்தான் செண்டுக்கு எமன்.

நான் பாரிஸ்ல ஒரு பெரிய கடையில செண்ட் கவுன்ட்டர்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. உன் பாட்டில் கெடலை. மேல நிக்கற பெர்கமாட் மாதிரி எலுமிச்சை ஜாதி வாசனைதான் வயசானா மொதல்ல போகும். அதோட நெடிதான் உன் மூக்குல ஏறினது. அதைப் பத்து நிமிஷம் பொறுத்துக்கிட்டா, அடியில இருக்கறது அப்படியே நிக்கும். பச்சோலி, ஓக் மரத்துப் பாசி, பிசினு எல்லாம் அவ்வளவு சீக்கிரம் சாகாது. தொட்டு வெச்ச உடனே மோந்து பார்த்து முடிவு கட்டறவங்களுக்கு இந்த செண்ட் ஒருநாளும் பிடிபடாது.

இது பொறந்த கதை தெரியுமா? 1943, பாரிஸ் ஜெர்மன்காரன் பிடியில இருந்த நேரம். எத்மோன் ருட்னிட்ஸ்கானு ஒரு செண்ட் கலைஞர், அப்ப முப்பத்தெட்டு வயசு. அவர் வேலை செஞ்ச கட்டடத்துக்கு ஒரு பக்கம் குப்பை மேடு, இன்னொரு பக்கம் பெயின்ட் ஃபேக்டரி. அங்க உக்காந்துதான் இதைப் பண்ணினார். தையல்கலை மேதை மர்செல் ரோஷாஸ் இதைத் தன் பொண்டாட்டி எலேனுக்காக எடுத்துக்கிட்டார். 1944ல வெளிய வந்துது, அதுவும் மொதல்ல பேர் கொடுத்து வெச்ச பெரிய இடத்துப் பொம்பளைங்களுக்கு மட்டும். மொதல் பாட்டில் லலிக்னு பேர்போன பிரெஞ்சுக் கண்ணாடிக் கம்பெனி பண்ணினது. நடிகை மே வெஸ்ட்டோட இடுப்பு வளைவை மனசுல வெச்சுப் பண்ணினதா சொல்வாங்க. உன் டப்பா மேல இருக்கற லேஸும் அந்த நாள்ல இருந்து வர்ற அடையாளம்தான்.

ரொட்டிக்கு ரேஷன், குளிருக்குக் கரி கிடையாது. அந்த ஊர்ல ஒருத்தர் இவ்வளவு கனிஞ்ச பழத்தைப் பாட்டிலுக்குள்ள அடைச்சிருக்கார். எனக்கு இதுல ஆச்சரியமே அதுதான்.

இப்ப பழத்துக்கு வர்றேன். அதுல பிளம், பீச் ரெண்டும் இருக்கு. பிளம்தான் தூக்கல். தெ லேர்னு ஒரு கம்பெனி ‘ப்ருனோல்’னு ஒரு கலவை பண்ணி வெச்சிருந்துது, அதுல இருந்துதான் அந்தக் கருத்த பிளம் வாசனை. அது மரத்துல இருந்து பறிச்ச பழம் இல்லம்மா. எங்க காரைக்கால் வீட்ல கிறிஸ்மஸ் கேக்குக்கு முன்கூட்டியே ரம்முல ஊறப் போடுவோமே உலர்திராட்சை, ஜாடியைத் திறந்தா வருமே, அது மாதிரி. கூடவே பட்டை, கிராம்பு வாடை கொஞ்சம். அதுக்குக் கீழ ரோஜா, மல்லி. எல்லாத்துக்கும் அடியில பாசி, ஈர மண்ணு, லெதர் வாசனை. அந்தக் கசப்பு அடியில இருக்கறதாலதான் மேல இருக்கற இனிப்பு திகட்டலை.

நீ சொன்ன மத்த செண்டுல பழம் மட்டும்தான் இருக்கும், அதைத் தாங்க அடியில ஒண்ணும் இருக்காது. அதான் மதியத்துக்குள்ள பறந்துடுது. பதினாறு வயசுப் பொண்ணுக்கு அது அழகுதான், நான் குறை சொல்லலை. ஆனா ‘ஃபாம்’ வளர்ந்த பொம்பளைக்குப் பண்ணினது. உன் வீட்டுக்காரர் கேட்டது சரியான கேள்வி, பெரியவங்க வந்துட்டாங்கதான்!

எங்க கவுன்ட்டருக்கு ஒரு மதாம் வருவாங்க. இந்த செண்டைக் கழுத்துல வெச்சுக்கவே மாட்டாங்க. கோட்டைத் திருப்பி, காலருக்கு உள்பக்க லைனிங்ல ஒரு சொட்டு வெப்பாங்க. கோட் உடம்புச் சூட்டுல கதகதப்பாக, வாசனை அவங்களுக்கு ஒரு அடி முன்னாடி நடந்து போகும். நீயும் குளிர்காலத்துல அப்படிச் செஞ்சு பாரு. வெளிர் நிறப் பட்டுல மட்டும் வெச்சுடாத, கறை பிடிக்கும்.

புதுசும் பழசும் ஒண்ணு இல்லை. 1989ல ஒலிவியே கிரெஸ்ப்னு ஒரு செண்ட் கலைஞர் இதோட ஃபார்முலாவைத் திருத்தி எழுதினார். அதுல சீரகம் நல்லாவே முன்னாடி வந்து நிக்கும். உன்னுதுல சீரக வாடை அடிக்குதா?

ரசப்பொடி:

அந்தச் சீரகத்தை நான் அனுபவிச்சிருக்கேன். மனைவிக்குப் பிறந்தநாள் பரிசா புது ‘ஃபாம்’ வாங்கிக் கொடுத்தேன். கூட்டமான மெட்ரோல, ஆகஸ்ட் மாச வெயில்ல, அவ பக்கத்துல நின்னா வியர்வை எது செண்ட் எதுனு பிரிச்சுச் சொல்ல முடியலை. சீரகம் ரசத்துக்குப் போதும்ங்க. அந்தப் பாட்டில் இப்ப மச்சினி வீட்ல இருக்கு, அவங்களுக்கு உயிர்.

சரோஜாம்மா சொல்றதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். ‘வளர்ந்த பொம்பளைக்கு’னு சொல்லிட்டா பிடிக்காதவங்க எல்லாம் சின்னப் புள்ளைங்களா?

லேப்_கோட்:

பழத்தோட ரசாயனத்தை மட்டும் சொல்லிட்டுப் போறேன். பீச் வாசனை பீச்ல இருந்து எடுக்கறது இல்லை. காமா-அன்டெகாலாக்டோன்னு ஒரு சேர்மம், 1908ல வந்தது. வியாபாரத்துல ‘ஆல்டிஹைட் சி-14’னு சொல்வாங்க. அது ஆல்டிஹைடும் இல்லை, அதுல கார்பனும் 14 இல்லை, 11தான். 1917ல பிரான்சுவா கொத்திங்கற பிரெஞ்சு செண்ட் கலைஞர் ‘ஷீப்ர்’னு ஓக் பாசியும் பெர்கமாட்டும் வெச்சு ஒரு செண்ட் பண்ணினார். அந்த அமைப்புக்குள்ள இந்தப் பீச்சைக் கொண்டுபோய் வெச்சவர் ழாக் கெர்லான்னு இன்னொரு செண்ட் கலைஞர், 1919ல ‘மித்சுகோ’ங்கற செண்ட்ல. ‘ஃபாம்’ அதே வம்சம்தான், பீச்சுக்குப் பதிலா பிளம் பெரிய மனுஷி ஆயிடுச்சு.

ஓக் பாசினு சொல்றது பாசியே இல்லை, ஓக் மரத்துல ஒட்டி வளர்ற லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் ஒண்ணா சேர்ந்து வாழற உயிர். அதுல இருக்கற அட்ரனால், குளோரோஅட்ரனால் ரெண்டும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கும். 2017ல ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டுது, 2021க்கு அப்புறம் அது உள்ள பாட்டில் எதையும் கடையில விக்கக் கூடாது. இப்ப வர்றதுல அதை நீக்கின பாசிதான். பழைய பாட்டில்ல அது முழுசா இருக்கும். அதனால நித்யா சிஸ்டர், முழங்கை மடிப்புல ஒரு துளி வெச்சு ரெண்டு நாள் பாருங்க. அரிச்சா துணியோட நிறுத்திக்கங்க.

காலம் கண்டுபிடிக்க ஒரு வழி: டப்பா அடியில லினலூல், லிமோனீன், யூஜினால்னு பட்டியல் இருக்கா? 2005 மார்ச்ல இருந்து அது கட்டாயம். இருந்தா கிட்டத்தட்ட அதுக்கு அப்புறம் வந்தது.

நித்யா_பாண்டின்:

பட்டியல் எதுவும் இல்லை! கம்பெனி பேர், ‘பாரிஸ்’, அளவு, அவ்வளவுதான். பார்கோடும் இல்லை. சீரக வாடை சுத்தமா இல்லை சரோஜாம்மா, நீங்க சொன்ன கிராம்புதான் லேசா இருக்கு. இன்னிக்குக் கோட் லைனிங்ல வெச்சுட்டு வேலைக்குப் போனேன். லிஃப்ட்ல ஒரு வயசான அம்மா, “இது ரோஷாஸ் தானே?”னு கேட்டு எங்க மாடி வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாங்க.

ரசப்பொடி சார், எங்க வீட்டுக்காரர் உங்க கட்சி. இது தீர்ந்துட்டா அதே வாசனைக்கு எங்க போறது?

சரோஜா_காரைக்கால்:

பார்கோடும் இல்லை, சீரகமும் இல்லைனா பெரும்பாலும் திருத்தறதுக்கு முந்தினதுதான். நல்ல கை உனக்கு.

ரசப்பொடி தம்பி, சின்னப் புள்ளைனு நான் யாரையும் சொல்லலை. ஆகஸ்ட்ல மெட்ரோல இதைப் போட்டது தப்பு, செண்ட் மேல பழி போடாதீங்க. இது நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் போடறது.

நித்யா, அதே வாசனையை வாங்க முடியாது, மோந்து பார்க்கலாம். பாரிஸ் பக்கத்துல வெர்சாய்ல ஒஸ்மோதெக்னு ஒரு இடம் 1990ல இருந்து இருக்கு. பழைய செண்டெல்லாம் பழைய ஃபார்முலாப்படியே பண்ணி, ஆர்கான் வாயு போட்டு, 12 டிகிரில வெச்சிருப்பாங்க. அங்க நடக்கற கூட்டங்களுக்கு முன்னாடியே பேர் கொடுத்துட்டுப் போ.

அப்புறம் அந்தக் கண்ணாடி மூடி. ரொம்ப நாள் திறக்காம விட்டா இறுகிக்கும். கத்தியால நெம்பாத, பாட்டில் கழுத்து தெறிச்சுடும். மூடியைச் சுத்தி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க அப்படியே வை, காலைல மெதுவா திருகினா வந்துடும்.