புதுப்பிப்பு: ஏடிசி டிரைவர் ஆவணத்தில் எதை எழுதுவது?

ஏடிசி என்பது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சிப். அதற்கான லினக்ஸ் கெர்னலின் ஐஐஓ (ஏடிசி, சென்சார் போன்றவற்றைக் கையாளும் பகுதி) டிரைவருக்கு ஆவணம் எழுதும்போது சிஸ்எஃப்எஸ் கோப்புகள் (சிப்பின் மதிப்புகளைப் படிக்கக் கெர்னல் காட்டும் கோப்புகள்) எல்லாவற்றையும் விளக்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தேவையில்லை. ரா (சிப் தரும் நேரடி எண்), ஆஃப்செட் (அதோடு கூட்டும் எண்), ஸ்கேல் (பெருக்கும் எண்) மூன்றும் கெர்னலின் பொதுவான ஏபிஐ (இடைமுக) ஆவணத்திலேயே இருக்கின்றன. அந்தச் சிப்புக்கே உரிய புதுக் கோப்பு இருந்தால் மட்டும் தனிப் பதிவு போதும்.

ஆனால் ஒரு கணக்கையாவது போட்டுக் காட்டுங்கள். ராவோடு ஆஃப்செட்டைக் கூட்டி, அப்புறம்தான் ஸ்கேலால் பெருக்க வேண்டும். பலர் தடுமாறுவது இந்த வரிசையில்தான். 12 பிட் ஏடிசி, ரெஃபரன்ஸ் (ஒப்பிட்டு அளக்கும் மின்னழுத்தம்) 3.3 வோல்ட், ஆஃப்செட் இல்லை என்றால் ஸ்கேல் 3300 மில்லிவோல்ட் ÷ 4096, அதாவது சுமார் 0.8057. ரா 2048 என்று வந்தால் விடை 1650 மில்லிவோல்ட்.

வெப்பநிலைச் சேனல் என்றால் அலகு மில்லி டிகிரி செல்சியஸ். அதையும் எழுதிவிடுங்கள், படிப்பவருக்குப் பெரிய உதவி.