புதுப்பிப்பு: சர்ஜிக்கல் கவுன் கட்டிங்கில் துணி வேஸ்ட் குறைஞ்சிருச்சுங்க

பல்லடம் பக்கம் எங்க யூனிட்ல, ஒருதடவை போட்டுக் கழிக்கிற சர்ஜிக்கல் கவுன் வெட்டும்போது எஸ்.எம்.எஸ். துணி (நெய்யாம, பிளாஸ்டிக் இழையை மூணு படலமா சேர்த்து அழுத்தினது) ஏகத்துக்கு வீணாகுதுன்னு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க.

"அடுக்கைக் குறைங்க"ன்னு திருப்பூர் கட்டிங் மாஸ்டர் அண்ணன் சொன்னது வேலை செஞ்சுது. துணி பாலிப்ரொப்பிலீன், 160 டிகிரி செல்சியஸ் வாக்குல உருகிடும். உயரமா அடுக்கி வேகமா வெட்டினா உரசல் சூட்டுலயே ஓரம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, பிரிக்கிறப்ப கிழியுது. அடுக்கையும் கத்தி வேகத்தையும் இறக்கி, பிளேடை அடிக்கடி தீட்டினோம். ஒட்டல் நின்னுருச்சு. சிலிகான் ஸ்ப்ரே அடிக்கச் சொன்னதை மட்டும் செய்யலை. ஸ்டெரைல் பண்ணப்போற துணியில அந்த எண்ணெய்ப் பிசுக்கு எதுக்குங்க?

ஆனா துணி பெருசா மிச்சமானது வேற இடத்துல. ரோலுக்கு ரோல் அகலம் கொஞ்சம் மாறும். எல்லாத்துலயும் குறுகலான ரோலுக்குத்தான் மார்க்கர் (எந்தத் துண்டை எங்க வெட்டணும்னு வரைஞ்ச தாள்) போட்டிருந்தாங்க. அகலமான ரோல்ல ஓரம் பூரா குப்பைக்குப் போச்சு. "வந்ததும் அளந்து பிரிச்சு வைங்க"ன்னு சோமனூர்க்காரர் ஒருத்தர் எழுதியிருந்தார். அகலத்துக்கு ஒரு மார்க்கர்னு மாத்தினோம். குப்பை மூட்டை கண்ணுக்குத் தெரியவே குறைஞ்சுது.

எதிர்பாராதது: அகலம் ஒண்ணா இருந்தாலும் வேற வேற லாட்டை (ஒரே தடவையில தயாரான ரோல்களோட தொகுதி) ஒரே அடுக்குல போட க்யூ.சி., அதாவது தரம் பார்க்கிறவங்க, விடமாட்டேன்னுட்டாங்க. நாளைக்குப் புகார் வந்தா எந்த ரோல்னு தேடிப் பிடிக்கணுமே. அதனால துண்டு ரோல் முன்னைவிட அதிகமா மிஞ்சுது. அதுல இடுப்பு நாடா வெட்டறோம், அதே லாட் கவுனுக்கு மட்டும்.