பாரூர் ஏரி வாத்து: கிளுவையா, நீலச்சிறகியா?

கேள்வி (போச்சம்பள்ளி):
ஜனவரி கடைசியில் பாரூர் ஏரியில் எடுத்த படங்கள் இவை. நாமக்கோழி (வெள்ளை நெற்றியுள்ள கருப்பு நீர்ப்பறவை) கூட்டத்துக்கு நடுவே கிட்டத்தட்ட அதே அளவில் மிதந்துகொண்டிருந்த பழுப்பு வாத்துகள். பறவையை அடையாளம் சொல்லும் ஆப்பில் போட்டால் ஒரு படத்துக்குக் கிளுவை, அடுத்ததுக்கு நீலச்சிறகி என்கிறது. 300 எம்எம் லென்ஸ்தான், ஆனாலும் எல்லாப் படமும் குழைந்த சோறு மாதிரி இருக்கிறது. கடைக்காரர் 600 வாங்கு என்கிறார், அவருக்கென்ன!

பதில் (ஓசூர்):
முதலில் அலகைப் பாருங்கள். கிளுவைப் பெட்டைக்கு அலகின் அடியோரம் ஆரஞ்சு சாயல் இருக்கும், நீலச்சிறகிக்கு முழுக்கச் சாம்பல். அப்புறம் முகம். உங்கள் மூன்றாவது படத்தில் கண் வழியாக ஒரு கருங்கோடு, அதற்குக் கீழே கன்னத்தில் இன்னொன்று, அலகு தொடங்கும் இடத்தில் வெளிறிய பொட்டு. கிளுவைக்கு முகத்தில் இவ்வளவு வரி கிடையாது. நீலச்சிறகிதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணே. ஆனால் ஆணுக்கு வெள்ளைப் புருவம் பட்டையாக இருக்குமே, ஒன்றில்கூட இல்லை. எல்லாமே பெட்டையா?

பதில் (தர்மபுரி):
அப்படிச் சொல்லிவிட முடியாது தம்பி. வலசை வரும்போது ஆணும் பெட்டை மாதிரி மங்கலாகத்தான் இருக்கும், இந்த இனத்தில் அந்தக் கோலம் குளிர்காலத்தில் ரொம்ப நாள் நீடிக்கும். குளித்து முடித்ததும் எழும்பிச் சிறகை உதறும் பாருங்கள், அந்த நொடியில் முன்சிறகு நீலச்சாம்பலாகத் தெரிந்தால் ஆண். ஷட்டர் வேகத்தை 1/1600 நொடிக்குக் குறையாமல் வைத்துத் தொடர்ச்சியாகப் படம் எடுங்கள்.

பதில் (கிருஷ்ணகிரி):
லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். படம் எத்தனை மணிக்கு எடுத்தது?

கேள்வி கேட்டவர்:
பதினொன்று இருக்கும்.

பதில் (கிருஷ்ணகிரி):
அதான். வெயில் ஏறினால் தண்ணீர் மேலே காற்று அலையும், அந்த நேரத்தில் 600 போட்டால் அந்தக் காற்றலைவும் சேர்ந்துதான் பெரிதாகும். விடிந்ததும் போய், வெயில் முதுகில் படும் கரையில், மேட்டில் நிற்காமல் தண்ணீரை ஒட்டித் தாழ உட்காருங்கள். ஃபோகஸ் ஒற்றைப் புள்ளி, கண்ணில். இல்லையென்றால் கேமரா முன்னாலிருக்கும் சிற்றலையைப் பிடித்துக்கொள்ளும். நடந்து நெருங்க வேண்டாம், ஒன்று கிளம்பினால் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். அதுவாக மேய்ந்தபடி பக்கத்தில் வரட்டும்.

கேள்வி கேட்டவர்:
சரி, காலையில் போகிறேன். கடைசிப் படத்தில் ஓரமாக இருக்கும் பெரியது?

பதில் (ஓசூர்):
கருப்பு அலகு, நுனி மட்டும் மஞ்சள், அடியில் சிவப்புப் பொட்டு. புள்ளிமூக்கு வாத்து. அது உள்ளூர்க்காரன், வலசையெல்லாம் முடிந்தபிறகும் பார்க்கலாம். நீலச்சிறகியை மார்ச்சுக்குள் எடுத்துவிடுங்கள்.